மிஸ்ட் இறங்கும்போது ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள்: மலையில் மினியேச்சர் பெயிண்ட் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் வாங்கிய பத்து ஸ்பேஸ் மரீன்களுக்கும் (மேசைப் போர் விளையாட்டில் நகர்த்தும் குட்டி வீரர் பொம்மைகள்) இன்று முகம் கிடையாது.

குன்னூரில் ஆகஸ்ட் மாதம், சாயங்காலம் நாலு மணி. மொட்டை மாடியில் அட்டைப் பெட்டியைப் படுக்கவைத்து, உள்ளே பத்துப் பேரையும் வரிசையாக நிறுத்தி, பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமரைக் கறுப்பு ஸ்ப்ரேயாக அடித்தேன். பள்ளத்தாக்கிலிருந்து மிஸ்ட் ஏறி வந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது, போட்டோகூட எடுத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கறுப்பைக் காணோம். சாம்பல் பூத்து, தொட்டால் ரவை மாதிரி நெருநெருவென்று. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னடா, பொம்மைக்கெல்லாம் விபூதி பூசி வச்சிருக்கே?” என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். சுத்தம் செய்கிறேன் என்று ஹார்டுவேர் கடையில் என்.சி. தின்னர் வாங்கிவந்து ஒரு டப்பாவில் ஊற்றி, பத்துப் பேரையும் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் டப்பாவின் அடியில் வெல்லப்பாகு போல ஒரு குழம்பு, அதில் அங்கங்கே ஒரு கை, ஒரு துப்பாக்கி. இந்த மினியேச்சர்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் அதைக் கரைத்துவிடும். பெயிண்டை உரிக்க வேண்டுமானால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். ரெசின் (திரவமாக இருந்து இறுகும் பிசின்) மினியேச்சர் என்றால் அதிலும் அதிக நேரம் விடக்கூடாது.

ஒரே நாளில் இரண்டு தவறு. இரண்டாவது என் அவசரம். முதலாவது காற்றின் வேலை, அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். நாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளும் குறிப்புகள் பெரும்பாலும் ஹீட்டர் போட்ட அறையிலும் ஏசி அறையிலும் உட்கார்ந்திருப்பவர்கள் சொன்னவை. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் அதை அப்படியே செய்தால் பாதி பலிக்காது. ஸ்னூக்கருக்கு 1882இல் விதி எழுதியதே ஊட்டி கிளப்பில்தான். மேசை விளையாட்டுக்கு நம் மலை ஆகாத இடமில்லை, விளையாட்டுக்கான பொம்மையை இங்கே பெயிண்ட் செய்வதில்தான் சிக்கல்.

ஸ்ப்ரே

கேனிலிருந்து வரும் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பூசிய இடத்தைக் குளிரவைக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்துவிடும். பெயிண்டுக்குள் மாட்டிக்கொண்ட அந்த ஈரம்தான் வெள்ளையாகப் பூக்கிறது. பெயிண்டைக் காக்கக் கடைசியில் அடிக்கும் வார்னிஷில் இது இன்னும் மோசம். ஒரு மாதம் உழைத்து முடித்த பொம்மை, கடைசி ஐந்து நொடியில் பால் ஊற்றியதுபோல மங்கிப்போகும். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் பூத்துவிட்டால் உடனே உரிக்க வேண்டாம். காய்ந்த நாளில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒரு கோட் கொடுத்துப் பாருங்கள், பல சமயம் தெளிந்துவிடும். அதற்கு மேல் மறுபடி மேட், இந்த முறை மெல்லியதாக.

ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் போனால் நான் கேனை எடுப்பதே இல்லை. இந்தக் கணக்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊட்டிக்காரர்களுக்கும் கூடலூர்க்காரர்களுக்கும் அடைப்பு. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்வதால் அக்டோபர், நவம்பரும் போச்சு. மிஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் வரை, அதுவும் காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை. வருடத்துக்கு வேண்டிய பிரைமர் வேலையை அந்த மூன்று மாதத்தில் முடித்து வைப்பது என் வழக்கம், வடகம் போட்டு வைப்பது மாதிரி.

ஆனால் அந்த மாதங்களில் குளிர் இருக்கும். குளிர்ந்த கேனில் அழுத்தம் குறைந்து, சொட்டுச் சொட்டாகத் துப்பும். அடிப்பதற்கு முன் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தி வைத்து, துடைத்து, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். அடுப்பு, ஹீட்டர், கொதிநீர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று கேனிலேயே எழுதியிருக்கும், அது சும்மா எழுதியதில்லை.

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் பிரஷால் பூசும் பிரைமர் வாங்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் பூக்காது.

சிப்ஸ் பாக்கெட்டும் டிராப்பர் பாட்டிலும்

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியார் தாண்டியதும் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமவெளியில் மூடிய பெயிண்ட் பாட்டிலுக்கும் அதே கதிதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம்தான் இங்கே. பார்சலைப் பிரித்த உற்சாகத்தில் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தால், உள்ளே அடைபட்ட காற்று பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். என் சட்டைப்பையில் ஒரு கருஞ்சிவப்புக் கறை இருக்கிறது, துவைத்துத் துவைத்து வீட்டில் சண்டைதான் மிச்சம். பாட்டிலை நேராக நிறுத்தி, மூக்கைச் சுற்றி டிஷ்யூ வைத்து, மூடியை மெல்லத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிய பிறகு கவிழ்த்துங்கள்.

பசை விஷயத்திலும் ஈரம் விளையாடும். ஃபெவிக்விக் வகைப் பசை இறுகுவதே ஈரத்தால்தான். மலைக்காற்றில் அது சீக்கிரம் பிடிக்கும், நல்லதுதான். ஆனால் தாராளமாக ஊற்றினால் அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து மூட்டைச் சுற்றி வெள்ளைப் பொடியாகப் படியும். குண்டூசி முனையளவு போதும். அதுவும் உலோகத்துக்கும் ரெசினுக்கும் மட்டும். கெட்டி பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமென்ட் வாங்குங்கள். அது இரண்டு பரப்பையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும், கீழே விழுந்தாலும் கை தனியே வராது.

கண்ணைக் கடைசியில் திறக்காதீர்கள்

பெயிண்ட் கெட்டியாக அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. கொலு பொம்மைக்கு வருடா வருடம் எனாமல் பூசிப் பூசி, செட்டியார் மீசையே மறைந்துபோன வீடுகள் எனக்குத் தெரியும். 28 மி.மீ. உயரப் பொம்மையில் மூக்கு என்பது ஒரு கடுகு. அதன்மேல் கெட்டிப் பெயிண்ட் விழுந்தால் மூக்கே இல்லை. தண்ணீர் கலந்து, பால் பதத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு மெல்லிய கோட்.

இரண்டு கோட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம். வீடியோவில் பத்து நிமிடம் என்பார்கள். குன்னூரில் மழை நாளில் வாஷ் (நிழல் காட்டப் பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்) காய அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். மேலே காய்ந்தது போலத் தெரியும், அடியில் ஈரம் இருக்கும். அப்போது பிரஷ் பட்டால் காய்ந்த ஓரம் மட்டும் நின்று, நடுவில் பெயிண்ட் கிளம்பிவந்து, குளம் வற்றிய கரை போல ஒரு கோடு விழும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடிக்கலாம். நான் அடுத்த பொம்மையை எடுத்துக்கொள்வேன்.

நம் ஊரில் சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். அந்தப் பழக்கத்திலோ என்னவோ, நானும் கவசம், பெல்ட், துப்பாக்கி எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகக் கண்ணுக்கு வந்தேன். கை நடுங்கும். வெள்ளை கன்னத்தில் வழியும். அதைத் திருத்தப்போய், முடித்த ஹெல்மெட் ஓரம் கெடும். மினியேச்சரில் முகத்துக்கு அடிப்படை நிறம் கொடுத்த கையோடு கண்ணை முடித்துவிட வேண்டும். வழிந்தாலும் தோல் நிறத்தைக் கொண்டு சுற்றி மூடிக்கொள்ளலாம்.

செய்முறை இது: முதலில் கண் குழியில் அடர்ந்த காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பொட்டு. அது காய்ந்ததும் அதற்குள்ளே, ஓரம் தெரிய விட்டு, தந்த நிறத்தில் சின்னக் கோடு. பளீர் வெள்ளை வேண்டாம், டார்ச் அடித்தது மாதிரி இருக்கும். பிறகு கருவிழி. அதை வட்டப் புள்ளியாக வைத்தால் பேயைக் கண்டவன் முழி வந்துவிடும். மேல் இமையிலிருந்து கீழ் இமை வரை ஒரு மெல்லிய செங்குத்துக் கோடாக இழுங்கள், பார்வை அமைதியாகிவிடும். மூச்சை வெளியே விட்டு, இரண்டு மணிக்கட்டையும் ஒட்டிவைத்துக்கொண்டு இழுக்க வேண்டும். ஃபில்டர் காபி குடித்த அரை மணிக்குள் இதைச் செய்யாதீர்கள்.

இதற்கு 000 என்ற மிகச் சன்னமான பிரஷ் தேவை என்று நினைப்பதும் தவறுதான். அது பிடிக்கும் பெயிண்ட், பொம்மையைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும். கூர்மையான நுனியுள்ள 1ஆம் நம்பர் போதும். அதை முக்கால் பாகம் வரை முக்கி எடுத்து, உலோகக் குழாய்க்குள் பெயிண்ட் ஏறவிட்டால் அந்தப் பிரஷின் ஆயுள் முடிந்தது. வெந்நீரில் கழுவக்கூடாது, தலைகீழாக டம்ளரில் ஊறவும் விடக்கூடாது.

பிரஷ் வாங்கும்போது முக்கியமான ஒன்று. “நல்ல முடி சார், நுனி நிக்கும்” என்று பெயரில்லாத கட்டு ஒன்றைக் கடையில் எடுத்து நீட்டினால் எந்த முடி என்று கேளுங்கள். கீரி முடி பிரஷ் இந்தியாவில் சட்டவிரோதம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதன் முடியை விற்பதும் குற்றம். 2019இல் ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் பல ஊர்களில் இந்தப் பிரஷ்களைப் பிடிக்கச் சோதனையே நடந்தது. ஒரு பிரஷுக்காகக் கீரியைக் கொல்வதற்கு, மலையில் வாழும் நாம் உடந்தையாக இருக்க வேண்டாம். நல்ல சிந்தெடிக் பிரஷ்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. நுனி சீக்கிரம் வளையும் என்பது உண்மை, வளைந்ததை டிரை பிரஷுக்கு (கிட்டத்தட்டக் காய்ந்த பெயிண்டை மேடுகளில் மட்டும் தேய்ப்பது) வைத்துக்கொள்ளலாம்.

சோலைப் பாசி வேண்டாம், டீத்தூள் போதும்

பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு) அலங்காரத்துக்குக் காட்டுப் பாசியும் மரப்பாசியும் பறித்துவரும் ஆசை நம் ஊரில் எல்லோருக்கும் வரும். காப்புக்காட்டிலிருந்து எதையும் அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது, அது ஒன்று. எடுத்தாலும் பயனில்லை என்பது இன்னொன்று. பச்சை ஒரு வாரத்தில் பழுப்பாகும், கூடவே பூச்சியும் வரும், மழைக்காலத்தில் அதன்மேல் பூஞ்சணம் பூத்து பூட்ஸ் வரை ஏறும்.

வடிகட்டிய டீத்தூள் சக்கை இருக்கிறதே, அதைவிட நல்ல சருகு கடையில் கிடைக்காது. டஸ்ட் டீ மண்ணுக்கு, இலை டீ காட்டுத்தரைச் சருகுக்கு. பால் கலக்காத டீயின் சக்கையாக இருக்க வேண்டும். அலசிவிட்டு, வெறும் வாணலியில் சிறு தீயில் மொறுமொறுவென்று ஆகும்வரை வறுத்து எடுங்கள். வெயிலில் காயவைத்தேன் என்று அரைகுறையாக ஒட்டிய ஒரு தொகுதிக்கு என்னிடம் வெள்ளைத் தாடி முளைத்தது. அடியில் பூசும் ஃபெவிகாலும் முழுசாகக் காய ஒரு நாள் விடுங்கள். மரத்துக்கு உண்ணிச்செடியின் காய்ந்த குச்சி போதும். முறுக்கிக்கொண்டு வயசான மரம் போலவே இருக்கும், களைச்செடி என்பதால் காப்புக்காட்டுக்கு வெளியே வெட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

3டி பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு

சுருக்கமாக இரண்டு. டிசம்பர் இரவில், பிரின்டர் தொட்டியில் ஊற்றும் திரவ ரெசின் குளிர்ந்து தேன் போலக் கெட்டியாகும், தட்டில் ஒட்டாமல் பாதி பிரின்ட் தொட்டிக்குள்ளேயே கிடக்கும். அறையும் ரெசினும் 20 டிகிரிக்கு மேல் வந்த பிறகு ஆரம்பியுங்கள். கையுறை இல்லாமல் ரெசினைத் தொடாதீர்கள், பிரின்டைக் கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குன்னூர் ஆறு கீழே போய்ச் சேருவது பவானியில், அங்கே அதைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆல்கஹாலை வெயிலில் வைத்தால் கரைந்திருக்கும் ரெசின் இறுகிப் படியும், அதை வடிகட்டிக் குப்பையில் போடலாம்.

வாங்குவதும் வைப்பதும்

வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பரண்மேல் பிரிக்காத பெட்டி ஏழு இருக்கிறது. ஒன்று மட்டும்: 28 மி.மீ. என்று எழுதியிருப்பதை நம்பி இரண்டு கம்பெனியின் பொம்மைகளைக் கலக்காதீர்கள். ஒருவர் கண் வரை அளப்பார், ஒருவர் உச்சந்தலை வரை அளப்பார். பக்கத்தில் நிறுத்தினால் அப்பாவும் பிள்ளையும் சண்டைக்குப் போனது போலிருக்கும். 1:72 (நிஜ உருவத்தில் 72இல் ஒரு பங்கு) அளவு இன்னும் சிறிது.

கொலு பொம்மை மாதிரி செய்தித்தாளில் சுற்றி டிரங்குப் பெட்டியில் போட்டால் ஈரத்தில் தாள் வார்னிஷோடு ஒட்டிக்கொள்ளும். கேப்டனின் முதுகில் தங்கம் விலை படிக்க நேர்ந்தது எனக்கு. பழைய ஈயப் பொம்மை கையில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மரப் பெட்டியிலிருந்து கசியும் அமில ஆவியும் ஈரமும் சேர்ந்தால் ஈயம் வெள்ளைப் பொடியாக அரிக்க ஆரம்பிக்கும். அந்தப் பொடி நஞ்சு. ஊதித் தட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துக் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் எடுக்காத இடத்தில் வையுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டீல் அலமாரிதான் எல்லா வகைக்கும் பாதுகாப்பு. தட்டுக்கு ஒரு சின்னத் துணிப்பையில், நிறம் மாறும் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஆரஞ்சு மணி பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். ஓவனில் குறைந்த சூட்டில் மறுபடி ஆரஞ்சாகும் வரை காயவைத்துத் திரும்ப வைக்கலாம். ஜூலையில் எனக்கு அது பத்து நாளைக்கு ஒரு முறை, பிப்ரவரியில் தேவையே இருக்காது.