குழந்தைகளின் விபத்து மரணங்களை ஆராய வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஆண்டும் சமுதாய மருத்துவம் படிக்கிற முதுநிலை மாணவர்கள் சிலர் குழந்தைகளின் காயங்கள், விபத்து மரணங்கள் பற்றித் தீசிஸ் செய்ய வருகிறார்கள். மகிழ்ச்சியான விஷயம். ஆனால் அவர்கள் கொண்டுவரும் புரோட்டோகாலை, அதாவது ஆய்வுத் திட்டத்தை, பிரித்தால், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் அப்படியே இருக்கின்றன. மாதிரி அளவைத் தப்பாகக் கணக்கிடுவது, படிவத்தில் வயதுக்கு இடம் விட மறப்பது போன்றவற்றை வழிகாட்டியே பிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்பி, ஆய்வு முடிந்த பிறகும் தீங்கு செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

0 முதல் 18 வயது வரை ஒரே கூட்டமாகப் பார்ப்பது

கைக்குழந்தைக்கு மூச்சடைப்பு, நடை பழகிய வயதில் தண்ணீர், பள்ளி வயதில் சாலை, பதின்ம வயதில் இருசக்கர வாகனமும் தற்கொலையும். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட சராசரியை வைத்து எந்த வயதுக் குழந்தையையும் காப்பாற்ற முடியாது.

மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பதுதான் ஊரில் நடப்பது என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் பார்த்தவுடன் எனக்குக் கோபம் வருகிற தவறு இது.

பெரும்பாலான தீசிஸ்கள் ஒரே மாதிரிதான் போகும். ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்குப் போய், ஓராண்டில் காயத்தோடு சேர்ந்த குழந்தைகளின் கேஸ் ஷீட்டுகளை எடுப்பார்கள். கீழே விழுந்தவை முதலிடம், அடுத்து சாலை விபத்து, தீக்காயம், விஷம் என்று அட்டவணை நீளும். கடைசி வரிசையில் நீரில் மூழ்கியவை என்று ஒரு சிறிய எண் இருக்கும். முடிவுரையில், ‘இப்பகுதிக் குழந்தைகளிடையே நீரில் மூழ்குதல் குறைவாகவே காணப்படுகிறது’ என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியம்தான் ஆபத்து.

யோசித்துப் பாருங்கள். மரத்திலிருந்து விழுந்து கை முறிந்த பையன் உயிரோடு இருக்கிறான். அவனை எப்படியாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கண்மாயில் மூழ்கிய இரண்டு வயதுக் குழந்தையோ, வெளியே எடுக்கும்போதே பெரும்பாலும் இறந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் என்று அலைய வேண்டும் எனப் பயந்து அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. சரி, கொண்டுவந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இறந்து வந்த குழந்தைக்கு அட்மிஷன் போட மாட்டார்கள். அவசரப் பிரிவின் ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேடு) ஒரு வரி, பிணவறைப் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். கேஸ் ஷீட்டே இருக்காது. மாணவர் தேடிய அலமாரியில் அந்தக் குழந்தை அகப்பட வழியே இல்லை. ஒரு விபத்து எவ்வளவு சீக்கிரம் உயிரைப் பறிக்கிறதோ, அவ்வளவுக்கு அது மருத்துவமனைக் கணக்கில் சின்னதாகத் தெரியும்.

வங்கதேசத்தில் ஒரு நாட்டுக்கே இது நடந்தது. குழந்தை மரணம் என்றால் வயிற்றுப்போக்கு, நிமோனியா என்றுதான் அங்கே பேச்சு. 2003-ல் 1,70,000-க்கும் அதிகமான வீடுகளுக்கு நேரில் போய் விசாரித்தார்கள். 1 முதல் 17 வயது வரையான பிள்ளைகளின் மரணத்துக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான் என்று அப்போது தெரிந்தது. அடுத்தடுத்து நடந்த விசாரணைகளில் இடமும் நேரமும் பிடிபட்டன. சின்னக் குழந்தைகள் வீட்டை ஒட்டிய குளத்திலும் பள்ளத்திலும் இறந்திருந்தார்கள். அதில் பெரும்பகுதி காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில், அம்மா வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில். இதை வைத்துத்தான் ‘ஆஞ்சல்’ என்ற கிராமக் குழந்தைக் காப்பகங்கள் வந்தன. வாரத்தில் ஆறு நாள், அதே 9 முதல் 1 வரை. அங்கே சேர்ந்த குழந்தைகள் மூழ்கி இறக்கும் ஆபத்து 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. எந்தக் கேஸ் ஷீட்டிலிருந்தும் அந்த நான்கு மணி நேரத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இங்கே என்ன நடக்கிறது? ஒரு மாவட்டக் கூட்டத்தில், கைவிட்ட கல்குவாரிக் குட்டைகளுக்கு வேலி போடும் யோசனை வந்தது. ஒருவர் பழைய தீசிஸ் ஒன்றை எடுத்து, ‘நம் பக்கம் மூழ்கிச் சாகிற பிள்ளைகள் ரொம்பக் குறைவு’ என்று படித்துக் காட்டினார். யோசனை தள்ளிப் போய்விட்டது. எழுதிய மாணவர் பட்டம் வாங்கிப் போய்ப் பல காலம் ஆகியிருக்கும். அவர் எழுதிய வரி மட்டும் முடிவெடுக்கும் மேசையில் இருந்தது.

மருத்துவமனைத் தரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வைத்து எழுதினால் ‘மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளிடையே’ என்று தலைப்பிலேயே சொல்லுங்கள். மரணங்களைப் பற்றிப் பேச ஆசைப்பட்டால் வேலை கூடும். ஏ.ஆர். புத்தகம், பிணவறைப் பதிவேடு, காவல் நிலையத்தில் இயற்கைக்கு மாறான மரணம் என்று பதிவாகும் 174 வழக்குகள் (புதிய சட்டத்தில் பிரிவு 194), கிணற்றிலும் குட்டையிலும் உடலை மீட்கப் போன தீயணைப்பு நிலையத்தின் பதிவுகள், வி.ஏ.ஓ. வைத்திருக்கும் இறப்புப் பதிவேடு, கிராம சுகாதார செவிலியர் தரும் தகவல், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெயர்ப்பட்டியல் தயாரியுங்கள். ஒரு பதிவேட்டில் இருக்கிற பெயர் இன்னொன்றில் எத்தனை முறை விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தால், எல்லாவற்றிலும் தப்பிய மரணங்கள் எவ்வளவு இருக்கும் என்று ஓரளவு கணிக்கலாம். அப்புறம் வீடுகளுக்குப் போங்கள்.

‘தாயின் கவனக்குறைவு’ என்று காரணம் எழுதுவது

இது காரணம் இல்லை, தீர்ப்பு. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் காட்டிய வழி வேறு: விபத்துக்கு முன், விபத்து நடக்கும்போது, நடந்த பின் என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் ஆள், பொருள், சூழல் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் அடுக்குமாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். அம்மாக்களுக்கு அறிவுரை சொல்வதோடு மட்டும் நகர சுகாதாரத் துறை நிற்கவில்லை. 1972-ல் தொடங்கிய திட்டத்தில் ஜன்னல் தடுப்புக் கம்பிகளை இலவசமாகக் கொடுத்தது. 1976-ல், சிறு குழந்தைகள் வாழும் வீடுகளில் அவற்றைப் பொருத்துவது கட்டட உரிமையாளரின் கடமை ஆனது.

வீட்டுக்குப் போய்க் கேட்கும்போதும் இதை மறக்காதீர்கள். ‘அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ என்று பிள்ளையை இழந்த அம்மாவிடம் கேட்காதீர்கள். ‘அன்றைக்குக் காலையிலிருந்து நடந்ததைச் சொல்லுங்கம்மா’ என்று கேட்டால் போதும். கிணற்றுக்குச் சுவர் இருந்ததா, மூத்த பிள்ளை பள்ளிக்குப் போயிருந்ததா, வீட்டில் வேறு யார் இருந்தார்கள், எல்லாம் தானாக வரும். படிவத்தில் ‘மேற்பார்வை இல்லை’ என்ற கட்டம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

மதிப்பெண் கூடினால் காயம் குறைந்ததாக நினைப்பது

வகுப்பு எடுத்தோம், மாணவர்களின் விழிப்புணர்வு மதிப்பெண் கூடியது, ஆகவே திட்டம் வெற்றி. அப்படி முடிவு கட்டக் கூடாது. பள்ளிகளில் பதின்ம வயதினருக்கு வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுத்த திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வில் (காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு), அதனால் விபத்து குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் இன்னும் சிறிய வயதில் உரிமம் வாங்க அது வழிவிட்டது.

பழைய ஆய்வுகளைத் தொகுக்காமல் தொடங்குவது

குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்துத் தூங்கவிடுங்கள் என்று மேற்கு நாடுகளில் பல பத்தாண்டுகள் அறிவுரை சொன்னார்கள். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும்தான் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லும் இயக்கங்கள் தொடங்கின. தொட்டில் மரணங்கள், அதாவது தூக்கத்தில் கைக்குழந்தைகள் திடீரென இறப்பது, வேகமாகக் குறைந்தன. 2005-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 1970-லேயே அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருந்தால் ஆபத்து தெரிந்திருக்கும் என்று காட்டியது. பிரிட்டனில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அதன் கணக்கு. முந்தைய ஆய்வுகள் என்ற பகுதியை நிரப்புவதற்காக மட்டும் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

தற்கொலையை ‘மனநலத் துறை பார்க்கும்’ என்று ஒதுக்குவது

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை மரணங்களைத் தொடர்ந்து கண்காணித்தபோது, 10 முதல் 19 வயதுப் பெண்களிடையே தற்கொலை ஆண்டுக்கு லட்சத்துக்கு 148, ஆண்களிடையே 58 என்று தெரிந்தது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு இது. பதின்ம வயது மரணங்களை ஆராய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இதை எப்படி விட முடியும்? ஏன் என்று கேட்பதோடு எதை வைத்து, அது எங்கே கிடைத்தது என்றும் கேளுங்கள். இலங்கையில் கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை 1990-களிலிருந்து படிப்படியாகத் தடைசெய்த பிறகு தற்கொலை மரணங்கள் பெரிய அளவில் குறைந்தன. விசாரிக்கப் போகும்போது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 கையில் இருக்கட்டும். அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கலாம்.

ஐசிடி கோடு

நோய்களுக்கும் மரணக் காரணங்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் தந்த குறியீடுகள்தான் ஐசிடி. அதன் பத்தாம் பதிப்பில் மூழ்கியவர்களுக்கான டபிள்யூ65 முதல் டபிள்யூ74 வரை மட்டும் தேடினால், படகு கவிழ்ந்தோ (வி90) படகிலிருந்து தவறி விழுந்தோ (வி92) மூழ்கியவர்கள் விட்டுப்போவார்கள். வெள்ளத்தில் போனவர்கள் எக்ஸ்38-ல் இருப்பார்கள். எந்தெந்தக் கோடுகளைச் சேர்த்தீர்கள் என்று முறைகள் பகுதியில் எழுதிவிடுங்கள்.