எந்தப் பள்ளி அடுத்த சுற்றுக்குப் போகும்? என் நோட்டுப் புத்தகக் கணக்கு

என் மகன் உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டும் இடது பக்கத் தற்காப்பில், லெப்ட் பேக் ஆடினான். அவன் பின்னால் திடல் திடலாகப் போன எனக்குப் பள்ளிக் காற்பந்து பிடித்துப்போய்விட்டது. அவன் படிப்பை முடித்துப் போய்விட்டான், நான் இன்னும் போகிறேன். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஆட்டம் என்றால் குடையும் நோட்டும் பையில் இருக்கும். "அக்கா, இந்த வருஷம் யார் வருவாங்க?" என்று மற்ற பெற்றோர் கேட்பார்கள். நான் கணிக்கும் விதம் இதுதான்.

பள்ளியின் பெயரை முதலில் மறந்துவிடுங்கள். கிளப் அணியில் ஒருவர் பத்து வருடம் ஆடலாம். பள்ளியில் அது நடக்காது. தேசியப் பள்ளி விளையாட்டுகளில் சி பிரிவு என்பது பெரும்பாலும் உயர்நிலை ஒன்று, இரண்டு. பி பிரிவு மூன்று, நான்கு. இரண்டே வருடத்தில் அணி முழுக்க மாறிவிடும். போன வருடம் கோப்பை வாங்கிய பையன்களில் பாதிப் பேர் இப்போது திடலிலேயே இல்லை.

அதனால் நான் இரண்டு வருடத்துக்கு முந்தைய சி பிரிவு முடிவுகளைத்தான் எடுப்பேன். அன்று உயர்நிலை இரண்டில் ஆடியவர்கள்தான் இன்று பி பிரிவில் மூத்தவர்கள். போன வருடத்து சி பிரிவையும் பார்ப்பேன், ஆனால் அதற்குப் பாதி மதிப்புதான். 15 வயதுப் பையனும் 16 வயதுப் பையனும் ஒரே பந்துக்குத் தாவும்போது அந்த ஒரு வருடம் நன்றாகத் தெரியும். நேரடிப் பள்ளிச் சேர்க்கையில், அதாவது திறமையைப் பார்த்து உயர்நிலை ஒன்றுக்கு இடம் தரும் முறையில், காற்பந்துப் பிள்ளைகளை எடுக்கும் பள்ளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பலன் அதே வருடம் வராது. அந்தப் பிள்ளைகள் மூன்றாம், நான்காம் வருடத்துக்கு வரும்போதுதான் தெரியும்.

அப்புறம் நேரில் ஓர் ஆட்டமாவது பாருங்கள். எதிர்வீட்டு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) எனக்குச் சொல்லித்தந்தது: "கோல்கீப்பர் வாயைத் திறக்கிறானா என்று பார்." தற்காப்பு ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இடம் மாறச் சொல்லும் கோல்கீப்பர் இருக்கும் அணி சுலபத்தில் கோல் விடாது. கோல் போடும் பையனை எல்லாரும் பார்ப்பார்கள். நான் கோல்கீப்பரையும் நடுவில் தற்காக்கும் இரண்டு சென்டர் பேக்கையும் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போவேன். மழைக்காலத்து ஈரப் புல்லில் இன்னும் கவனமாகப் பார்ப்பேன்.

சரி, இப்போது கணக்கு. அந்த வருடத்துப் போட்டி விதிகளைத் தேடிப் படியுங்கள்: ஒரு குழுவில் எத்தனை அணி, எத்தனை பேர் மேலே போகிறார்கள், புள்ளி சமமானால் முதலில் எதைப் பார்ப்பார்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2018 உலகக் கிண்ணத்தில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் எல்லாவற்றிலும் சமமாக நின்றன. ஜப்பான் வாங்கிய மஞ்சள் அட்டை 4, செனகல் வாங்கியது 6. ஜப்பான் மேலே போனது.

நான்கு அணிக் குழுவில் எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை மோதி, இரண்டு அணி மேலே போகும் என்று வையுங்கள். வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1. 7 புள்ளி எடுத்த அணி கண்டிப்பாக உள்ளே. 6 எடுத்தாலும் வெளியே போகலாம், அதை நான் கண்ணால் பார்த்தேன். என் மகனின் கடைசி வருடம். மூன்று பள்ளிகள் ஒன்றையொன்று மாறி மாறி 1-0 என்று வென்றன. நான்காவது பள்ளியை மூன்றுமே தோற்கடித்தன. மூன்றுக்கும் 6 புள்ளி. நாங்கள் அந்த நான்காவது பள்ளியை 3-0 என்று வென்று, போதும் என்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தோம். மற்ற இரண்டும் 4-0, 5-0. நாங்கள் வெளியே. பேருந்தில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து பலவீனமான அணியை யார் எத்தனை கோலில் வென்றார்கள் என்பதற்கு நோட்டில் தனிப் பக்கமே வைத்திருக்கிறேன்.

குழுவில் ஒவ்வோர் அணியும் இரண்டு ஆட்டம் ஆடி முடித்ததும் மீதி இரண்டு ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிவு, மொத்தம் 9 வரிசை. பென்சிலால் ஒன்பதையும் எழுதி, ஒவ்வொன்றிலும் யார் போகிறார்கள் என்று குறியுங்கள். பாதி வரிசை தானாகவே அடிபட்டுப் போகும். உதாரணமாக, முதல் அணிக்கு 6, அடுத்த இரண்டுக்கும் தலா 3, கடைசி அணிக்கு 0. 3 புள்ளி அணிகள் இரண்டும் இனி மோதவேண்டும். 6 புள்ளி அணி ஏற்கெனவே உள்ளே. 0 புள்ளி அணி வெளியே. அவை இரண்டும் மோதும் ஆட்டத்தில் மூத்த பையன்களை உட்கார வைக்கலாம், அந்த முடிவை நம்பாதீர்கள். நமக்கு மிச்சம் மூன்றே வரிசை: இவன் வென்றால் இவன், அவன் வென்றால் அவன், சமநிலை என்றால் கோல் வித்தியாசம். அப்போது அந்தத் தனிப் பக்கத்தைத் திருப்புங்கள். கடைசி அணியை வென்ற கோல் வித்தியாசத்திலிருந்து முதல் அணியிடம் தோற்ற வித்தியாசத்தைக் கழியுங்கள்; மிச்சம் எவனுக்கு அதிகமோ, அவன் பெயரை மையால் எழுதுங்கள்.