வீட்டுக் கணினியில் மால்வேர்: கதவைத் திறந்துவிடும் தவறுகள்

கணினியில் மால்வேர், அதாவது தீங்கு செய்யும் நிரல், புகுந்துவிட்டது என்று தெரிந்ததும் பலரும் கேட்பது, "எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கடைசியாக இந்தக் கணினியில் எதைத் திறந்தோம், எதற்கு 'ஆம்' கொடுத்தோம்? வீட்டுக் கணினியைக் குறிவைத்து யாரோ மணிக்கணக்கில் உட்கார்ந்து ஹேக் செய்வது அபூர்வம். ஒரு கோப்பை நாமே டவுன்லோடு செய்து, நாமே டபுள் கிளிக் செய்து, எச்சரிக்கை வந்தபோதும் நாமே தாண்டிப் போயிருப்போம். அதனால் ஆன்டிவைரஸை விட இந்தப் பழக்கங்களைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

கிராக் பதிப்புகளை நம்புவது

காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் கிராக், லைசென்ஸ் எண் உருவாக்கித் தரும் கீஜென், விளையாட்டில் குறுக்குவழியில் ஜெயிக்க உதவும் கேம் சீட் போன்றவைதான் வீட்டுக் கணினிகளுக்கு மிகப் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. ரான்சம்வேர் என்பது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் மால்வேர். ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் குடும்பம் பெரிய நிறுவனங்களைத் தேடிப் போகவில்லை. கிராக் கோப்புகளுக்குள் ஒளிந்துகொண்டு மாணவர்களின் கணினிகளையும் வீட்டு ஆல்பங்களையும்தான் பூட்டியது.

இப்படிப்பட்ட ஒரு டவுன்லோடைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஸிப் கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள், அந்தப் பாஸ்வேர்டையும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவிட்டு எதற்குப் பாஸ்வேர்டு? பூட்டிய ஸிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பிரவுசராலும் ஆன்டிவைரஸாலும் பார்க்க முடியாது, அதற்காகத்தான். உள்ளே இருக்கும் நிரல் சில நேரம் நூற்றுக்கணக்கான எம்பி அளவுக்கு ஊதியிருக்கும். அதில் பெரும்பகுதி வெறும் பூஜ்ஜியங்கள். பெரிய கோப்புகளைப் பல ஸ்கேனர்கள் முழுதாக ஆராய்வதில்லை என்பதால் செய்யும் தந்திரம் இது. கூடவே ஒரு குறிப்பும் இருக்கும்: "இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும், அது தவறான எச்சரிக்கை காட்டும்." இந்த வரியைப் பார்த்த உடனே கோப்பை அழித்துவிடுங்கள். ஒரு மென்பொருளுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள் அநேகமாக எல்லாத் துறையிலும் இருக்கிறது. லிப்ரேஆஃபீஸ், கிம்ப், பிளெண்டர் எல்லாம் அப்படித்தான்.

இணையப் பக்கம் சொன்னதை ஒட்டி எண்டர் தட்டுவது

2024 முதல் மிக வேகமாகப் பரவிய ஏமாற்று இது. ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்" என்று வழக்கமான கட்டம் வருகிறது. கிளிக் செய்கிறீர்கள். அடுத்ததாக மூன்று படிகள் காட்டுகிறது: விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோல்-வி அழுத்துங்கள், எண்டர் தட்டுங்கள்.

நீங்கள் முதல் கிளிக் செய்தபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை, காப்பி செய்தவை தங்கும் உங்கள் கிளிப்போர்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டது. விண்டோஸ் பொத்தானும் ஆர் எழுத்தும் சேர்ந்து திறப்பது, கட்டளை கொடுக்கும் ரன் பெட்டியை. அது சிறியது. ஒட்டியதும் நீண்ட கட்டளையின் கடைசிப் பகுதி மட்டும்தான் கண்ணில் படும். அங்கே "நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண்" என்பது போன்ற வாசகம் இருக்கும்படி எழுதியிருப்பார்கள். மால்வேரை இறக்கி ஓடவிடும் பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைக் கருவி) கட்டளை பெட்டியின் இடப்பக்கம் மறைந்து கிடக்கும். எண்டர் தட்டியது நீங்கள் என்பதால் அதைக் கணினி உங்கள் உத்தரவாகவே எடுத்துக்கொள்கிறது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இதே நாடகம், கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் வழியாக நடக்கிறது. மேக்குக்கு வைரஸ் வராது என்ற பேச்சை இனியும் நம்ப வேண்டாம். எந்த உண்மையான இணையதளமும் நீங்கள் மனிதரா என்று பார்க்க ரன் பெட்டியையோ டெர்மினலையோ திறக்கச் சொல்லாது. இதில் விதிவிலக்கே கிடையாது. வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்றால் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

கோப்பின் கடைசிப் பெயரைப் பார்க்காமல் திறப்பது

2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. மின்னஞ்சலில் வந்த அந்தக் கோப்பு '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்தது. கடைசியில் இருந்த விபிஎஸ் பலருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை விண்டோஸ் தானாகவே மறைத்துவிடும். காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தவர்கள் உண்மையில் ஒரு நிரலை ஓடவிட்டார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் விண்டோஸில் அந்தப் பின்னொட்டு முன்னிருப்பாக மறைந்துதான் இருக்கிறது! 'பில்.பிடிஎஃப்' என்று தெரியும் கோப்பு 'பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ' ஆக இருக்கலாம். ஐகானும் பிடிஎஃப் போலவே இருக்கும், அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று போய் இயக்கிவிடுங்கள். அரை நிமிட வேலை. அதன்பிறகு எக்ஸ்இ, எம்எஸ்ஐ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ், எச்டிஏ என்று முடியும் எதுவும் ஆவணம் அல்ல, நிரல் என்பதை மனதில் வையுங்கள். குறுக்குவழிக் கோப்பான எல்என்கே மட்டும் இந்த அமைப்பை மாற்றினாலும் தன் பின்னொட்டைக் காட்டாது. ஐகானின் மூலையில் சிறிய அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சலில் வந்த ஸிப்புக்குள் குறுக்குவழி இருக்க எந்த நியாயமும் இல்லை.

இணையத்திலிருந்து வரும் ஆபீஸ் கோப்புகளில் மேக்ரோ (கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரல்) ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2022-இல் முன்னிருப்பாகத் தடுத்துவிட்டது. அந்த வழி அடைபட்டதும் மோசடிக்காரர்கள் ஐஎஸ்ஓ (டிஸ்க் நகல்), எல்என்கே, ஒன்நோட் (மைக்ரோசாஃப்டின் குறிப்பேடு) கோப்புகளுக்கு மாறினார்கள். ஆகவே வேர்டு கோப்பு ஒன்று "தடையை நீக்கித் திறக்கவும்" என்று வழிமுறை சொன்னால் அந்த உதவியே சந்தேகத்துக்குரியது.

தேடலில் முதலில் வந்ததை அழுத்துவது

மென்பொருளின் பெயரைத் தேடுகிறோம். மேலே வருவது பல நேரம் விளம்பரம். நிறுவனங்களின் பெயரில் போலி விளம்பரம் கொடுத்து மால்வேர் பக்கங்களுக்கு இழுக்கிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரிலேயே எச்சரித்தது. பக்கம் அசல் போலவே இருக்கும், முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். விளம்பரங்களைத் தாண்டிக் கீழே வந்து அதிகாரபூர்வ முகவரியைப் பார்த்து இறக்குங்கள். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அலறும் திரையைக் கண்டு பயந்து போன் செய்வது

திடீரெனத் திரை முழுதும் சிவப்பு, சைரன் சத்தம், "உங்கள் கணினி முடக்கப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்." இது பிரவுசருக்குள் ஓடும் ஒரு சாதாரண இணையப் பக்கம், முழுத் திரையில் விரிந்திருக்கிறது. தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆல்ட்-எஃப்4 அழுத்துங்கள். மூடவில்லையா, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். அந்த நிமிடம் வரை ஒன்றும் கெடவில்லை. எண்ணை அழைத்து, மறுமுனையில் இருப்பவர் சொன்ன ரிமோட் மென்பொருளை (உங்கள் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க விடுவது) நிறுவும்போதுதான் உண்மையான சேதம் தொடங்குகிறது.

திரையின் மூலையில் அடிக்கடி "5 வைரஸ்கள் உள்ளன" என்று குட்டிப் பெட்டிகள் வருகிறதா? ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் கேட்டபோது 'அலோ' கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் அமைப்பில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கினால் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் கிளம்பி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் உட்படப் பல நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது அது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் ஏறக்குறைய இரண்டு மாதம். "நாளை பார்க்கலாம்" என்று விட்ட கணினிகள்தான் மாட்டின.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் தனியாகச் சேர்ந்த கணினிகளுக்கு மட்டும் கொஞ்ச காலம் பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11-க்கு மாற முடியாத பழைய கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது நல்ல யோசனை. பிரவுசரை மறந்துவிடாதீர்கள். அப்டேட் இறங்கியிருந்தாலும் பிரவுசரை மூடித் திறந்தால்தான் அது அமலுக்கு வரும். நாற்பது டேப்களோடு வாரக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர்கள் பழைய ஓட்டையோடுதான் உலவுகிறார்கள்.

ஆன்டிவைரஸ் விஷயத்தில்

இதில் சொல்ல அதிகமில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதுமானது. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக ஓடவிட்டால் ஒன்றையொன்று தடுத்துக் கணினியை மந்தமாக்கும். கணினியோடு வந்து காலாவதியான சோதனைப் பதிப்பை முழுதாக நீக்கிவிட்டு, டிஃபெண்டர் இயங்குகிறதா என்று பாருங்கள். பலரும் கவனிக்காத ஓர் இடம், ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று விலக்கியவற்றைக் காட்டும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியல். நீங்கள் சேர்க்காத ஃபோல்டரோ, சி டிரைவ் முழுவதுமோ அதில் இருந்தால் யாரோ காவலைக் கண்மூட வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அன்றாட வேலைக்கு அட்மின் அல்லாத கணக்கை வைத்துக்கொள்வதும் நல்லது. ஆனால் அதை முழுக் கவசமாக நினைக்க வேண்டாம். உங்கள் படங்களைத் திறக்க உங்களுக்கு அட்மின் உரிமை தேவையில்லை. அவற்றைப் பூட்ட ரான்சம்வேருக்கும் தேவையில்லை.

பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களைக் குறைவாக வையுங்கள். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற பிரபலமான குரோம் எக்ஸ்டென்ஷன் 2020-இல் கைமாறியது. மால்வேர் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. நல்லதாக நிறுவியது பின்னாளில் கெட்டதாக மாறலாம்.

எப்போதும் செருகியிருக்கும் டிரைவை பேக்கப் என்று நினைப்பது

ரான்சம்வேர் கணினியில் தெரியும் எல்லா டிரைவையும் பூட்டும். செருகியே கிடக்கும் எக்ஸ்டர்னல் டிரைவும் அதில் அடக்கம். விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் பழைய நகல்களை அழிப்பதுதான் பல ரான்சம்வேர்களின் முதல் வேலை. கிளவுடில் தானாக ஒத்திசையும் ஃபோல்டரும் தனியாக பேக்கப் ஆகாது, ஏனென்றால் பூட்டப்பட்ட கோப்பே மேலே ஏறிப் பழையதன் இடத்தில் உட்காரும். பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி இருந்தால்தான் மீட்கலாம், அதற்கும் நாள் வரம்பு உண்டு. ஒரு டிரைவில் நகலெடுத்து, கழற்றி, அலமாரியில் வையுங்கள். எப்போதாவது அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள்.

தொற்றிய கணினியிலேயே பாஸ்வேர்டு மாற்றுவது

மிகவும் வேதனையான தவறு இதுதான். செய்பவர் சரியானதைச் செய்வதாக நம்பிச் செய்கிறார். இன்றைய மால்வேர்களில் பெரும் பங்கு வகிக்கும் ஸ்டீலர்கள், அதாவது தகவல் திருடும் நிரல்கள், திரையில் எதுவும் காட்டாது. ரெட்லைன், லம்மா போன்றவை பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடும். நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டு அந்தக் குக்கி. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்காமலேயே உங்கள் கணக்குக்குள் போகலாம். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தும் கணக்கு பறிபோனது எப்படி என்று திகைப்பவர்களில் பலருக்கு நடந்தது இதுவே.

சந்தேகம் வந்ததும் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு போன் போன்ற வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல் கணக்கில் தொடங்குங்கள், மற்றக் கணக்குகளை மீட்கும் வழி அதுதான். பாஸ்வேர்டை மாற்றுங்கள், 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். பல இடங்களில் இதைச் செய்தால்தான் திருடிய குக்கி செல்லாமல் போகும். மீட்பு எண்ணும் மாற்று மின்னஞ்சலும் மாற்றப்பட்டுள்ளனவா, மின்னஞ்சலை வேறெங்கோ திருப்பிவிடும் விதி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வங்கிக் கணக்கு, பிறகு சமூக ஊடகம்.

கணினியில் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓடவிடலாம். விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே அது தேடும். ஆனால் ஸ்டீலர் ஓடியது உறுதியானால் தயங்காமல் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். சுத்தமான வேறொரு கணினியில் தயாரித்த பென்டிரைவிலிருந்து நிறுவுவது நல்லது. படங்கள், ஆவணங்களை மட்டும் திரும்ப எடுங்கள், பழைய இன்ஸ்டாலர்களை எடுக்க வேண்டாம்.

ரான்சம்வேராக இருந்தால் பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனியே வைத்திருங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளம், பல வகைகளுக்கு இலவசத் திறப்புக் கருவி தருகிறது. இன்று கருவி இல்லாத வகைக்குப் பின்னாளில் வரலாம். தேடலில் கிடைக்கும் வேறு திறப்புக் கருவிகளைத் தொடவே வேண்டாம். ஸ்டாப் ரான்சம்வேரைத் திறக்கும் கருவி என்ற பெயரில் 2020-இல் சுற்றிய ஒன்று, ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்த கோப்புகளை இன்னொரு ரான்சம்வேரால் மறுபடி பூட்டியது.