நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் நோவு: கடும் சயாட்டிக்காவைச் சமாளிப்பது எப்படி?

நாரியில், அதாவது கீழ் முதுகில், தொடங்கிப் பிட்டத்தைக் கடந்து, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் நோவுக்குப் பெயர் சயாட்டிக்கா. யாழ்ப்பாணத்தில் இது வந்துவிட்டால் ஆலோசனைக்குப் பஞ்சம் இருக்காது. எண்ணெய் போட்டு உருவினால் போய்விடும் என்பார் ஒருவர். ஒரு மாதம் கட்டிலை விட்டு எழும்பவே கூடாது என்பார் இன்னொருவர். உடனே கொழும்புக்குப் போய் ஸ்கான் எடு என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும். முதற்கிழமையில் இவை மூன்றுமே பெரும்பாலும் தேவையில்லை.

தொடங்குமுன் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். நாரி முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து, உடம்பிலேயே மிகத் தடித்த நரம்பாகக் காலுக்கு இறங்குகின்றன. எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி அந்த வேர்களில் ஒன்றை அழுத்தும்போது, அல்லது அதன் உள்ளிருக்கும் பசை கசிந்து வேரை அழற்சிக்கு உள்ளாக்கும்போது, பழுது நாரியில் இருந்தாலும் நோவு காலில் தெரிகிறது. அப்படிப் பிதுங்கியதை உடம்பு மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 கிழமைக்குள் நோவு நன்றாகத் தணிந்துவிடுகிறது. அந்தக் கிழமைகளைக் கடப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஆபத்து இல்லை என்று உறுதிசெய்யுங்கள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் மிகுதியை வாசிக்க வேண்டாம், வைத்தியசாலைக்குப் போங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, அல்லது தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ போவது. சைக்கிள் ஆசனம் படும் இடத்தில், அதாவது மலவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும், தொட்டால் உணர்வு தெரியாதபடி விறைப்பு ஏற்படுவது. இரண்டு கால்களிலும் நோவும் பலவீனமும் சேர்ந்து வருவது. இவை நரம்புக்கற்றை முழுவதும் நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கும் விடயம் அல்ல இது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் சிறுநீர் பற்றிய விபரத்தை முதலில் சொல்லுங்கள். பலர் வெட்கப்பட்டு நாரி நோவை மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறார்கள்.

பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு நழுவுகிறதென்றாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தமை, விழுந்து அடிபட்டமை ஆகியவற்றோடு வரும் நோவுக்கும் இதே விதிதான்.

படி 2: நோவு குறையும் கிடையைக் கண்டுபிடியுங்கள்

முதல் இரவு மிகக் கொடியது. மூன்று கிடைகளை ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களின் கீழ் இரண்டு தலையணை வைப்பது ஒன்று. நோவு இல்லாத பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைப்பது இரண்டாவது. தரையில் பாய் விரித்து மல்லாந்து, கெண்டைக்கால்களைக் கதிரையின் மேல் தூக்கி வைப்பது மூன்றாவது. கடும் நோவில் பலருக்குக் கைகொடுப்பது இந்த மூன்றாவதுதான். சாய்மனைக் கதிரையை மட்டும் சில நாட்களுக்கு மறந்துவிடுங்கள். அதில் நாரி வளைந்து புதைந்துவிடும், எழும்பும்போது உயிர் போகும்.

கட்டிலிலிருந்து எழும்புவதற்கும் முறை உண்டு. முழங்கால்களை மடக்கிக்கொண்டு தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் சரியுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள்.

படி 3: கிடையாகக் கிடக்காதீர்கள்

ஓரிரு நாள் படுக்கை போதும். அதற்கு மேல் கிடந்தால் தசை தளரும், மூட்டுகள் இறுகும், மனமும் சோர்ந்துவிடும். முன் விறாந்தையிலிருந்து படலை வரை ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வந்து படுங்கள். ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் நடங்கள். நடக்கும்போது கொஞ்சம் நோவதால் நரம்புக்குக் கேடு வந்துவிடாது.

சூட்டு ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம் கொடுக்கலாம். நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றினாலும் சரி, சுடுநீர்ப் பையானாலும் சரி, இதம் தருவது சூடுதான். விறைத்துப்போன இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தில் சூடு வைக்கவே கூடாது, தோல் வெந்துபோவது அவர்களுக்குத் தெரியாது.

படி 4: நோவு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்

இந்தப் படியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். நியூசிலாந்து இயன்மருத்துவர் ரொபின் மக்கென்சியின் முறையிலிருந்து வருவது இது. ஒரு பயிற்சி செய்யும்போது காலில் இருந்த நோவு மேலேறி, தொடைக்கும் பிட்டத்துக்கும் பின்னர் நாரிக்கும் ஒதுங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு ஏற்றது. நாரியில் நோவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. அதற்கு மாறாக நோவு முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கினால், நாரி எவ்வளவு இலேசாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

முதலில் குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் அமைதியாக மூச்சு விடுங்கள். அதுவே தாங்க முடியவில்லை என்றால் வயிற்றின் கீழ் ஒரு தலையணை வையுங்கள், அன்றைக்கு அது போதும். தாங்க முடிந்தால் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தி இரண்டு நிமிடம் இருங்கள். அதுவும் ஒத்துவந்தால் உள்ளங்கைகளைத் தோளடியில் ஊன்றி, இடுப்பு தரையை விட்டு எழும்பாதபடி மேலுடம்பை மட்டும் தூக்கி இறக்குங்கள். பத்துத் தடவை, நாளுக்கு நான்கைந்து முறை. ஒவ்வொரு முறையும் முடித்தவுடன் நோவு இப்போது எதுவரை இருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. நிமிர்ந்து நடந்தால் கால் உளைந்து, சைக்கிள் கைப்பிடியில் குனிந்து சாய்ந்தால் சுகமாக இருக்கும் முதியவர்களுக்கு முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கியிருக்கலாம். அவர்களுக்கு மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சுக்குக் கொண்டுவரும் பயிற்சியே நல்லது. நோவு நகரும் திசையைப் பார்க்கும் விதி அவர்களுக்கும் பொருந்தும்.

காலை நீட்டி விரலைத் தொட்டுத் 'தசையை இழுக்கும்' பயிற்சி கடும் நோவில் வேண்டாம். ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் நரம்பைத்தான் அது இழுக்கிறது.

படி 5: குளிசைகள்

பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேற்படக்கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் உடல் மெலிந்தவர்களும் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். இந்த நோவுக்கு அதன் பலன் சுமார்தான். இபுபுரொபென், டைக்குளோபெனாக் போன்றவை சற்றுக் கூடுதலாக உதவலாம். ஆனால் இரண்டும் ஒரே இனம், சேர்த்து எடுக்கக்கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய், உயர் குருதியமுக்கம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் தொடவே வேண்டாம். மாரி காலத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: காய்ச்சலும் உடம்பு நோவும் சேர்ந்து வந்தால் அது டெங்குவாக இருக்கலாம். அப்போது இந்த இனக் குளிசைகள் இரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

எண்ணெய் உருவுவது இதமாக இருந்தால் மென்மையாகச் செய்யலாம். சித்த வைத்தியத்தை நாடுபவர்களுக்குக் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. முதுகில் ஏறி மிதித்து 'நரம்பு எடுப்பவர்களிடமும்', பெயர் ஒட்டாத பொடி கொடுப்பவர்களிடமும் போக வேண்டாம்.

படி 6: வீட்டையும் வளவையும் மாற்றுங்கள்

கிணற்றில் அள்ளிக் குளிப்பதை நிறுத்துங்கள். வேறு யாராவது வாளியை நிரப்பி, உயரமான ஸ்டூலில் வைத்துத் தரட்டும். குந்தும் மலசலகூடம் என்றால் நடுவில் துளையுள்ள கொமட் கதிரை ஒன்றை இரவல் வாங்குங்கள். முக்கும்போது நோவு காலுக்குப் பாயும் என்பதால் மலச்சிக்கல் வராமல் பார்ப்பதும் சிகிச்சைதான்: கீரை, பப்பாசிப்பழம், நிறையத் தண்ணீர். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவது, வெங்காயத் தறையில் குனிந்து நின்று களை பிடுங்குவது, அரிசி மூட்டை தூக்குவது எல்லாம் வீட்டில் மற்றவர்களின் வேலை. நல்லூர்த் திருவிழாவில் அங்கப்பிரதட்சணம், அடி அழித்தல் என்று நேர்த்தி இருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். கந்தன் கோபிக்க மாட்டான்.

மோட்டார் சைக்கிளில் குண்டும் குழியுமான ஒழுங்கைகளால் போவதைத் தவிருங்கள். கொழும்புக்குப் போயே ஆகவேண்டும் என்றால் ஏறக்குறைய 400 கிலோமீற்றரை இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடி கடக்காமல், இடையிடையே எழுந்து நடக்கக்கூடிய புகையிரதத்தில் போங்கள்.

படி 7: ஸ்கான், சத்திரசிகிச்சை

படி 1இல் சொன்ன அறிகுறிகள் இல்லாதபோது, முதற்சில கிழமைகளில் எம்ஆர்ஐ ஸ்கான் எடுப்பதால் சிகிச்சை மாறாது. படத்தைப் பார்த்துப் பயம் பிடிப்பதுதான் மிச்சம். நோவே இல்லாதவர்களின் ஸ்கான்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது.

ஆறு கிழமை கடந்தும் தூக்கமில்லாத நோவு என்றால், அல்லது அதற்கு முன்பே தாங்க முடியவில்லை என்றால், வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் எலும்பியல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். நெதர்லாந்தில் 283 பேரை இரு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. சீக்கிரமாகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நோவு விரைவாகத் தீர்ந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு குழுவிலும் ஏறக்குறைய 95 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். ஆனால் பொறுத்திருந்த குழுவிலும் 39 சதவீதத்தினர் இடையில் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தார்கள். ஆகவே சத்திரசிகிச்சை என்ற சொல்லைக் கேட்டு அலறவும் வேண்டாம், அதற்கு அவசரப்படவும் வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது ஒரு கொப்பியில் மூன்று விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: நோவு தொடங்கிய திகதி, அது இப்போது காலில் எதுவரை இறங்குகிறது, இதுவரை எடுத்த குளிசைகளின் பெயரும் அளவும். வரிசையில் பல மணித்தியாலம் காத்திருக்க நேரலாம். வாங்கில் உட்கார்ந்தே இருக்காமல், உங்கள் இலக்கம் வரும்வரை விறாந்தையில் நடந்துகொண்டிருங்கள்.