நீராவியில் ஓடும் சர்ஃப் போர்டு: பலரும் சொதப்பும் இடங்கள்

சர்ஃப் போர்டின் (அலைமேல் சறுக்கும் பலகையின்) நடுவில் குட்டியாக ஒரு பாய்லர், பின்னால் ஒரு பிஸ்டன், அழகுக்கு ஒரு புகைபோக்கி, கூவ ஒரு விசில். இப்படி ஒரு படத்தைக் காகிதத்தில் கிறுக்கிப் பார்ப்பதில் தப்பே இல்லை, நானும் இந்தக் கிறுக்குக்கு ரசிகன்தான். ஆனால் கிறுக்கியதை அப்படியே செய்ய உட்கார்ந்தால், வேலை ஆரம்பிக்கும் முன்பே தோற்றுவிடுவீர்கள்.

முதல் தப்பு, அலைமேல் போகும்போதும் எஞ்சின்தான் தள்ள வேண்டும் என்று நினைப்பது. அலையைப் பிடித்துவிட்டால் எஞ்சினுக்கு அங்கே வேலையே கிடையாது, அலையின் சரிவும் புவியீர்ப்பும் பார்த்துக்கொள்ளும். உதவி தேவைப்படுவது அதற்கு முன்னால், அலை பின்னாலிருந்து வந்து தூக்குவதற்குள் படுத்துக்கொண்டு கை வலிக்கத் துழாவுகிறோமே, அந்தப் பத்துப் பதினைந்து வினாடிகளில்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். துழாவுபவருக்குக் கூடுதலாக 300 வாட் கிடைத்தாலே நல்ல தள்ளு. சின்ன நீராவி எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் 5 சதவீதத்தை வேலையாக மாற்றினால் அதுவே பெரிய விஷயம். அப்படியானால் 300 வாட்டுக்கு 6 கிலோவாட் வெப்பம் வேண்டும், தொடர்ந்து ஓட்டினால் மணிக்குச் சுமார் 8 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். மெழுகுவத்தி ஏற்றினால் 'டப டப' என்று ஓடுமே தகர பொம்மைப் படகு (தாமஸ் பியோ 1891-லேயே காப்புரிமை வாங்கிய சங்கதி), அதைப் பெரிதாக்கினால் போதும் என்று கிளம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். பொம்மை தன்னைத் தானே நகர்த்தினால் போதும், ஆளைச் சுமக்க வேண்டியதில்லை.

அப்புறம் நெருப்பு. பலகையில் பர்னரை வைத்து அலைக்குள் போனால் முதல் நுரையிலேயே அணைந்துவிடும். அணைந்தால் பரவாயில்லை, வாயு மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும், எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் பலகைக்குள் குழிவான இடம் இருந்தால் அங்கே போய்த் தேங்கும். மறுபடி பற்றவைக்கும் அந்த நொடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதற்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு. தீப்பொறி ஆகாத வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் தீயே இல்லாத நீராவி ரயில் எஞ்சின்களை ஓட்டினார்கள்: வெளியிலிருந்து கொதிநீரையும் நீராவியையும் அழுத்தத்தோடு தொட்டியில் நிரப்பிக்கொண்டு, அது தீரும்வரை ஓடுவது. பலகைக்கும் இதுதான் பொருத்தம். 10 லிட்டர் தண்ணீரைக் கரையிலேயே 180 டிகிரிக்கு, அதாவது சுமார் 10 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் பத்து மடங்கு) அழுத்தத்துக்குச் சூடாக்கிக் கொண்டுபோனால், 120 டிகிரிக்கு இறங்குவதற்குள் அதே 5 சதவீதக் கணக்கில் 130 கிலோஜூல் வரை வேலை கிடைக்கும். அலைக்கு 15 வினாடி வீதம் 20 அலைகளுக்குத் தாராளமாக வரும், வெப்பம் வீணாவதையும் கழித்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்தத் தொட்டியோடு விளையாடாதீர்கள். விரிசல் விட்டால் 10 லிட்டரில் ஒன்றரை லிட்டர் அங்கேயே ஆவியாகி, சுமார் 2,500 லிட்டர் இடம் கேட்கும், அதுவும் உங்கள் நெஞ்சுக்கு நேர் கீழே. பழைய கேஸ் சிலிண்டர், தீயணைப்பான் உருளை என்று கிடைத்ததை வெட்டி ஒட்டுவதெல்லாம் வேண்டாம், அழுத்தக் கலத்துக்கென்றே செய்து சோதித்ததை வாங்குங்கள். 1865-ல் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிக் கப்பல் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதற்குச் சில நாள் முன்புதான் கசிந்த பாய்லருக்கு அவசர அவசரமாக ஒட்டுப் போட்டிருந்தார்கள். சேஃப்டி வால்வு இரண்டு வையுங்கள். பிரெஞ்சு விஞ்ஞானி டெனி பாபின் 1679-ல் காட்டிய அழுத்தப் பாத்திரத்துக்குப் போட்டது போன்ற எடைக்கல் வால்வு இங்கே உதவாது, பலகை கவிழ்ந்தால் எடையும் கவிழும். ஸ்பிரிங் வால்வுதான் சரி, அதன் வாய் முகத்தையோ காலையோ பார்க்கக் கூடாது. வெள்ளையாகத் தெரிவது நீராவியே அல்ல, குளிர்ந்த துளிகள். வால்வு வாய்க்கும் அந்த வெள்ளைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாதது போல் ஒரு விரற்கடை இடைவெளி தெரியும் பாருங்கள், சுடுவது அங்கேதான், விரலை நீட்டிவிடாதீர்கள்.

கவிழ்வது என்றதும் ஞாபகம் வருகிறது. சர்ஃப் போர்டு கவிழாமல் இருக்காது. கவிழ்ந்தால் தொட்டியில் உள்ள தண்ணீர் நீராவிக் குழாய்க்குள் ஓடும், அங்கிருந்து சிலிண்டருக்குள். நீராவி அமுங்கும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் முழு வேகத்தில் வந்து அதில் மோதினால் சிலிண்டர் தலை பிளந்துவிடும். கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்றைக் கைப்பிடியிலேயே வைத்தால் இது தீரும்.

தண்ணீர் தீர்ந்தால் கடலில்தான் இருக்கிறதே என்பவர்களுக்கு: ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஆரம்பகாலக் கடல் கப்பல்கள் இதையே கொதிக்கவைத்துப் படாதபாடு பட்டன, உப்பேறிய நீரை அடிக்கடி வெளியே தள்ள வேண்டியிருந்தது. 1834-ல் சாமுவேல் ஹால் காப்புரிமை பெற்ற கண்டன்சர் (நீராவியைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கும் கருவி) போன்றவை வந்த பிறகுதான் அதே நன்னீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வழி கிடைத்தது. நன்னீரையே எடுத்துப்போங்கள்.

எடை விஷயம் சுருக்கமாக. 30 லிட்டர் கொள்ளளவுள்ள ஷார்ட்போர்டு (சின்ன சர்ஃப் போர்டு) தாங்குவதே சுமார் 30 கிலோ, தொட்டியும் எஞ்சினுமே அதைத் தின்றுவிடும். 150 லிட்டருக்கு மேலான பேடில் போர்டு (நின்று துடுப்புப் போடும் பெரிய பலகை) எடுங்கள். பின்னால் கனம் வைத்தால் மூக்கு தூக்கிக்கொண்டு அலை நழுவும், முன்னால் வைத்தால் மூக்கு குத்தும். பலகையின் தெர்மாகோல் மையம் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகும் என்பதால் தொட்டியைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளியும் அதற்கு மேல் நீர் புகாத உறையும் வேண்டும். உறையை மறந்தால் நனைந்த கம்பளி வெப்பத்தைத் தடுக்காது.

ப்ரொப்பெல்லரைத் தவிர்த்துவிடுங்கள், விழுந்தவரின் காலும் பலகையும் ஒரே இடத்தில்தான் சுழலும், கால் அதன் இறக்கையில் மாட்டும். 1787-லேயே ஜேம்ஸ் ரம்சி பொட்டோமாக் ஆற்றில் நீராவிப் பம்பால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகை ஓட்டிக் காட்டினார், அந்த வழி போதும். கலத்தைச் சோதிக்கும்போது காற்றடித்துப் பார்க்காதீர்கள். குளிர்ந்த நீரை முழுக்க நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள், உடைந்தாலும் ஒழுகுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். விசிலா? தாராளமாக வையுங்கள், ஆனால் அதுவும் அதே தொட்டியிலிருந்துதான் குடிக்கிறது, கூவிக்கொண்டே இருந்தால் அலை வரும்போது கையால்தான் துழாவ வேண்டியிருக்கும்.