மீன் இருக்கும் புதுத் தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது செய்யக் கூடாதவை

தீவனத்தை அள்ளிப் போடக் கூடாது, முதல் நாளே பத்து மீன் விடக் கூடாது என்பதெல்லாம் தெரிந்ததுதான். மீனை விட்டபடியே சைக்கிளிங் செய்பவர்கள், அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாவைத் தொட்டியில் பெருக விடுபவர்கள், திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் வேறு.

"சைக்கிள் முடியும்வரை தண்ணீரைத் தொடாதே"

கடையில் மீனோடு சேர்த்துக் கொடுத்தனுப்பும் இந்த அறிவுரையைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. தண்ணீரோடு நல்ல பாக்டீரியாவும் போய்விடும் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். அவை தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. ஃபில்டர் ஸ்பாஞ்ச், கல், கண்ணாடி என்று கிடைத்த பரப்பில் ஒட்டி வாழ்பவை. பாதித் தண்ணீரை எடுத்தாலும் அவை இருந்த இடத்தில்தான் இருக்கும். தீனிக்கும் பஞ்சமில்லை, மீன் தன் செவுள் வழியே நாள் முழுக்க அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது.

மாற்றாமல் விட்டால் நடப்பது இதுதான். 50 லிட்டர் பிடிக்கும் இரண்டடித் தொட்டி, இரண்டு கோல்டு ஃபிஷ். சில நாட்களில் அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) தொட்டுவிடும். பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 8 உள்ள போர் தண்ணீர், 28 டிகிரி வெப்பம் என்றால் அதில் சுமார் 6.5 விழுக்காடு நச்சு வடிவில் இருக்கும். அதாவது 0.13 பி.பி.எம். செவுளைப் புண்ணாக்க அது போதும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். காற்று போதவில்லை என்று இன்னொரு ஏர் பம்ப் வாங்குவார்கள். தண்ணீரை மாற்ற மாட்டார்கள்.

அடுத்து நைட்ரைட் ஏறும். அது ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுக்கும், செவுள் பழுப்பாகும். 10 லிட்டருக்கு 1 கிராம் அயோடின் சேர்க்காத உப்பைக் கரைத்து விட்டால் நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவது வெகுவாகக் குறையும். உப்பு தண்ணீர் மாற்றத்துக்கு மாற்று அல்ல. மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மறுபடி சேர்க்க வேண்டும்.

தினமும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து 0.5 பி.பி.எம். ஆகிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், 1 ஆகிவிட்டால் பாதி. பாதி மாற்றினால் அளவு பாதிதான் குறையும் என்பதால் 2 இருக்கும்போது ஒரே மாற்றம் போதாது. சில மணி நேரம் கழித்து இன்னொன்று வேண்டும். நாலு முதல் எட்டு வாரம் இது தேவைப்படலாம்.

பல வாரம் விட்டுவிட்டு ஒரேயடியாக 80 விழுக்காடு மாற்றுவது

முந்தைய தவறின் வால் இது. பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை கரையும், ஆர்.ஓ. தண்ணீரும் மழைநீரும் சீக்கிரமே பி.எச். 6.5-க்கு இறங்கிவிடும். அந்த நிலையில் 4 பி.பி.எம். அம்மோனியா இருந்தாலும் நச்சு வடிவம் 0.01-ஐத் தொடாது. பி.எச். 8 தண்ணீரை 80 விழுக்காடு ஊற்றி, பி.எச். 8-ஐ நெருங்கினால் மொத்தம் 0.8-ஆகக் குறையும், நச்சு வடிவமோ 0.05-ஆக, ஏறக்குறைய ஆறு மடங்காக ஏறும். காலையில் தண்ணீர் மாற்றி மாலையில் மீன் செத்தது என்பவர்கள் பலரின் கதை இதுதான். முதலில் இரண்டு தண்ணீரின் பி.எச்.-ஐயும் அளந்து பாருங்கள். வித்தியாசம் பெரிதென்றால் 10 விழுக்காடாக, சில மணி நேர இடைவெளியில், அம்மோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் (தண்ணீரில் கலக்கும் மருந்து) சேர்த்து மாற்றுங்கள்.

ஆன்டி குளோரினைக் கண்ணளவில் விடுவது

ஆன்டி குளோரின் என்பது குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்கும் சோடியம் தயோசல்பேட். 1 மி.கி. குளோரினுக்குச் சுமார் 7 மி.கி. படிகம் வேண்டும். 10 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வையுங்கள், 2 பி.பி.எம். குளோரின் உள்ள 20 லிட்டர் வாளிக்கு 3 மி.லி. விடுங்கள். தொட்டியில் அல்ல, வாளியில்.

மூன்றாம் நாள் வெள்ளைக் கலங்கல் கண்டு எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுவது

தானே தெளியும். விட்டுவிடுங்கள்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவது

கூடவே கூடாது. நீரோட்டம் அடைத்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.