கொங்கு ரசிகருக்குப் பெங்களூரு பக்கம்: வெளியூர் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போவது எப்படி?

கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். பெங்களூரு 360 சொச்சம்தான். சேலத்துக்காரருக்குக் கணக்கு இன்னும் சாதகம்: சென்னை 340, பெங்களூரு 200. 'சென்னையின் எஃப்சி' என்னும் சென்னைக் கால்பந்து அணியை நேசிக்கும் நமக்குச் சொந்த மைதானத்தைவிட எதிரணியான பெங்களூரு எஃப்சியின் மைதானமே அருகில் இருக்கிறது. அதனால் முதன்முதலாக ஓர் ஆட்டத்தை நேரில் பார்க்க ஆசைப்படும் கொங்கு நண்பர்களிடம், பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்துக்குப் போங்கள் என்றே சொல்வேன். 2018 மார்ச் 17 அன்று அங்கேதான் சென்னையின் அணி, பெங்களூரு எஃப்சியை 3-2 என வீழ்த்தி இரண்டாம் முறை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றது.

1. முதலில் அட்டவணை, பிறகு ரயில்

ஐஎஸ்எல் அட்டவணையில் இரு அணிகளும் மோதும் நாளை மட்டும் பார்த்தால் போதாது. மைதானம் எது என்றும் பாருங்கள். ஆட்டம் சனிக்கிழமை மாலையில் அமைந்தால் அதைவிட வசதி இல்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. வார இறுதியில் பெங்களூரு ரயில்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் தேதி தெரிந்ததும் போக வர இரண்டுக்கும் இடம் போட்டுவிடுங்கள்.

2. போகும் வழி

கோவையிலிருந்து காலையில் இரண்டு நல்ல ரயில்கள் இருக்கின்றன. அதிகாலையில் புறப்படும் உதய் டபுள் டக்கர் திருப்பூர், ஈரோடு, சேலம், குப்பம் வழியாகப் போய் கேஎஸ்ஆர் பெங்களூரு நிலையத்தில் விடுகிறது. எதிரிலேயே மெஜஸ்டிக் மெட்ரோ. வந்தே பாரத் தருமபுரி, ஓசூர் வழியாகச் சென்று கண்டோன்மென்ட் நிலையத்தில் முடிகிறது. அங்கிருந்து மைதானத்துக்கு ஆட்டோ பிடிப்பதே எளிது. உதய் புதன்கிழமையும் வந்தே பாரத் வியாழக்கிழமையும் ஓடுவதில்லை. புறப்படும் நேரம் அவ்வப்போது மாறுவதால் டிக்கெட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் மெட்ரோ பாதை ஓசூர் சாலையை ஒட்டி ஓடுகிறது. பொம்மசந்திராவிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ இறங்கி மெட்ரோ ஏறுங்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கும், மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதைக்கும் மாறி, கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து மைதானம் நடை தூரம்.

வழிக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். புளிச்சோறு மதியம் வரை தாங்கும்.

3. எங்கே உட்காருவது?

புதியவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஆட்ட டிக்கெட் இணையத்தில் விற்கப்படுகிறது. விலை குறைவு என்று பார்த்து மேற்குப் பகுதியை எடுத்துவிடாதீர்கள். அது 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்னும் பெங்களூரு ரசிகர் கூட்டத்தின் கோட்டை. தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள். அழகான காட்சி, ஆனால் அங்கே நின்று சென்னையின் கோலுக்குத் துள்ளிக் குதிக்க முடியாது. சென்னையின் ரசிகர் குழுக்கள் இத்தகைய ஆட்டங்களுக்குக் கூட்டாகப் போவதுண்டு. அவர்களைச் சமூக ஊடகத்தில் தேடி, எந்தப் பகுதியில் அமரப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். தனியாகப் போகும் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் அந்தத் துணை பெரிய தெம்பு.

கண்டீரவா தடகள மைதானமும்கூட. ஓடுதளம் ஆடுகளத்தைச் சுற்றி ஓடுவதால் கீழ் வரிசையிலிருந்து எதிர்ப்பக்கக் கோல் கம்பம் வெகு தொலைவில் தெரியும். மேல் வரிசைகளைத் தேடிப் போங்கள்.

4. சட்டை

இரு அணிகளுக்கும் நிறம் நீலம்! நீங்கள் ஆசையாக அணிந்துபோகும் நீலச் சட்டை அங்கே பெங்களூரு கூட்டத்தில் கரைந்துவிடும். சென்னையின் அணியே அங்கு மாற்று நிறத்தில்தான் இறங்கும். அந்தப் பருவத்தின் மாற்றுச் சட்டை கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் திருப்பூர் காதர்பேட்டையில் அதே நிறத்தில் ஒரு டி-ஷர்ட் எடுத்து, கழுத்தில் அணியின் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டரும் அவசியம். இரவில் குளிர் நம் ஊரைவிட அதிகம்.

5. வாசலிலும் உள்ளேயும்

ஒரு மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். தண்ணீர் பாட்டில், லைட்டர், ஹெல்மெட் போன்றவற்றைப் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். பெரிய பையை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

தொலைக்காட்சி பந்தை மட்டுமே காட்டும். நேரில் போனால் பந்து இல்லாத இடத்தையும் பாருங்கள், முக்கியமாக ஆடுகளத்தின் மூலையிலிருந்து பந்தை உதைத்து அனுப்பும் கார்னர் கிக்கின்போது. 2018 இறுதி ஆட்டத்தில் சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூரு அணிக்காகக் கோல் போட்டார். அதைத் திருப்பியது சென்னையின் அணியின் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு பந்துகள்; இரண்டும் கார்னரிலிருந்து வந்தவை. உயரமான தடுப்பாட்டக்காரர் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறார், அவரைப் பிடிக்க வேண்டியவர் எந்த நொடியில் தவறவிடுகிறார் என்பதை மேல் வரிசையிலிருந்து பார்க்கும்போதுதான் கால்பந்து முழுசாகப் புரிகிறது.

வென்றாலும் தோற்றாலும் வெளியேறும்போது அவசரம் வேண்டாம். 2025 ஜூன் 4 அன்று சற்றுத் தொலைவிலுள்ள சின்னசாமி கிரிக்கெட் மைதானத்தின் வாசல்களில் நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். கூட்டம் கலையும் வரை இருக்கையிலேயே இருங்கள். எதிரணி ரசிகரைச் சீண்டும் பேச்சு ஒருபோதும் வேண்டாம்.

6. திரும்புவது

ஏழரை மணி ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும். அன்றிரவே கிளம்ப வேண்டுமானால் சாந்திநகர் பஸ் நிலையம் மைதானத்துக்குப் பக்கம்; தமிழ்நாட்டுக்குப் பஸ்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. இருக்கையை முன்பே பதிவு செய்திருங்கள். என் யோசனை, இரவு தங்கிவிட்டு ஞாயிறு பிற்பகல் உதய் ரயிலில் திரும்புவது. கோவைக்கு இரவு ஒன்பது மணியளவில் வந்து சேரும். பொள்ளாச்சிக்காரர்கள் நிலையத்திலிருந்து நேராக உக்கடம் போய்ப் பஸ் பிடித்துக்கொள்ளலாம்.